நரிவெங்காயமும் கரையோர மணல்மேடும்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை அடுத்துள்ள பெரிய முதலியார்சாவடி, விழுப்புரம் ஜில்லா வானூர் தாலுகாவைச் சேர்ந்த ஊர். அங்கிருந்து வடக்கே மரக்காணம் உப்பளங்கள் வரையில் நீண்டு கிடக்கும் கரை, பார்வைக்கு ஒரே மணற்பரப்பாகத் தோன்றினும், உண்மையில் பலவகை நிலங்களாலாயது. அலை வந்து மோதுமிடத்தில் ஈரமணல். அதையடுத்து, அடம்புக் கொடியும் இராவணன் மீசையும் பிடித்து நிறுத்தும் இளமணல் மேடு. அதற்கும் மேற்கே, பனையும் முட்புதரும் வேரூன்றி, நெடுங்காலமாக அசையாதிருக்கும் பழைய மணல்மேடு. அதற்கப்பால் தென்னை, சவுக்கு, முந்திரித் தோப்புகளும், பின்னர்ச் செம்மண் மேட்டு நிலமும் அமைந்துள்ளன. மரக்காணத்தை நெருங்குமிடத்து இவ்வரிசை மாறிவிடுகின்றது. கழுவேலி ஏரியும், உவர்க்கழியும், களிமண் இறுகிய உப்பளப் பாத்திகளும் அங்கே இடம்பெறுகின்றன.

இவற்றுள் மூன்றாவதாகக் கூறப்பட்ட பழைய மணல்மேடே நரிவெங்காயத்துக்கு ஏற்ற நிலம். அலைக்கு அருகிலுள்ள ஓடுமணலில் அது நிலைப்பதில்லை. உப்பளத்துக் களியிலும் அதற்கு வாழ்வில்லை. நீர் தேங்காமல் வடியக்கூடியதும், ஆண்டுதோறும் இடம் பெயராததுமான மணலையே அது வேண்டுகின்றது. இந்தியாவின் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் இத்தகைய மணற்பாங்குகளில் இப்பூண்டு இயற்கையாக வளர்கின்றது. உள்நாட்டில் சரளை கலந்த வறண்ட குன்றடிகளிலும் காணப்படும். ஒரு கிழங்கு பெருத்துப் பூப்பதற்குச் சில வருஷங்கள் செல்லுமாதலால், அது கூட்டங்கூட்டமாக நிற்குமிடத்தில் மணல் வெகுகாலமாக ஓய்ந்து கிடக்கின்றது என்று கொள்ளலாம்.

பங்குனி முடிந்து வெயில் ஏறும் நாட்களில் அத்தகைய மேட்டைப் பார்வையிடுவோர்க்கு அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். புல் காய்ந்து, மணல் வெளுத்து, கால் வைக்க இயலாத சூட்டில் நிலம் வெறிச்சென்று கிடக்கும். அப்பொழுதுதான், இலை ஒன்றுமின்றி, ஒரு முழம் அல்லது அதற்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள ஒற்றைத் தண்டு மணலைப் பிளந்துகொண்டு நிமிரும். அதன் மேற்பாதியில் ஒன்றுக்கொன்று விலகிய சிறு பூக்கள், மெல்லிய காம்புகளில் தலை கவிழ்ந்து தொங்கும். இதழ்கள் 6, கேசரங்களும் 6. வெண்மையிற் கபிலம் கலந்த மங்கிய நிறமுடைமையால் தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவை எளிதிற் புலப்படா. காந்தளைப்போல் வழிப்போக்கனை நிறுத்திப் பார்க்கவைக்கும் பூவன்று இது. பூ உதிர்ந்தபின் முக்கால் அங்குலத்துக்குட்பட்ட மூன்று பட்டையுள்ள காய்கள் தோன்றி வெடிக்கும். உள்ளிருக்கும் விதைகள் கறுத்துத் தட்டையானவை. காற்று அவற்றை எளிதிற் கொண்டுசெல்லும்.

இலைகள் பூவுக்குப் பின்னரே வருகின்றன. மழை விழுந்து மணல் நனைந்ததும், அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை அகலமும், அரை அடி முதல் ஒன்றரை அடி வரை நீளமுமுள்ள தட்டையான பச்சை இலைகள் கிழங்கின் தலையிலிருந்து கிளம்பும். இக்கரையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்குரியது. அம்மழைக் காலத்தில் இலைகள் தயாரிக்கும் உணவு முழுவதும் கிழங்கின் சதைப்பற்றான மடல்களுக்குச் சென்று சேர்கின்றது. மழைக்காலம் கழிந்து தரை காய்ந்தவுடன் இலைகளும் காய்ந்து மறையும். அடுத்த கோடையில் எழும் பூந்தண்டுக்கு வேண்டிய முதல், முந்திய மழைக்காலத்தில் சேர்த்து வைத்ததேயன்றி வேறில்லை. இலை பச்சையாயிருக்கையில் அறுத்துவிட்டால் கிழங்கு இளைத்து அடுத்த ஆண்டிற் பூவாமற் போவதற்கு இதுவே காரணம்.

கிழங்கு 2 அங்குலம் முதல் 4 அங்குலம் வரை விட்டமுள்ளது, பேரிக்காய் வடிவினது, வெண்மையான மடல்களாலாகி, வெளிப்புறம் காய்ந்த தோலாற் போர்க்கப்பட்டிருக்கும். பிடுங்கிப் பல நாள் போட்டுவைத்தாலும் உயிர் போவதில்லை. வாசலிற் கட்டித் தொங்கவிடும் ஆகாசகருடன் கிழங்கு மண்ணும் நீருமின்றித் துளிர்ப்பதைக் கண்டிருப்போர் இதை எளிதில் அறிந்துகொள்வர். மத்தியதரைக் கடல் நாடுகளில் இதன் நெருங்கிய இனமான கடல் வெங்காயத்துக்கும் இந்தச் சக்தி உண்டு. கிரேக்க தேசத்துக் கிரீட் தீவில் புத்தாண்டுப் பிறப்பன்று அதை வீட்டு வாசலிற் கட்டிவைக்கும் வழக்கம் இருக்கின்றது. இரண்டு தேசத்து மக்களும் ஒருவரையொருவர் அறியாமலே, காய்ந்தும் சாகாத கிழங்கைக் காவலாக வாசலில் தொங்கவிட்டது வியக்கத்தக்கது.

இப்பூண்டு சாஸ்திரிகள் கையில் இருமுறை பெயர் மாறியது. சோழமண்டலக் கரையின் வடபாகத்திலுள்ள சாமர்லகோட்டாவில் பல்லாண்டு இருந்து தாவரங்களை ஆராய்ந்து, 1793-ல் கல்கத்தா தோட்டத்துக்குச் சென்ற வில்லியம் ராக்ஸ்பரோ இதனை ‘சில்லா இண்டிகா’ என்றழைத்தார். 1843-ல் குந்த் என்பவர் ‘அர்ஜீனியா இண்டிகா’ என்று மாற்றினார். 1977-ல் ஜெஸ்ஸாப் என்பவர் ‘டிரிமியா இண்டிகா’ என்று வைத்த பெயரே இப்பொழுது வழங்குகின்றது. மருந்துக் கடைகளிலும் பழைய புத்தகங்களிலும் இன்னும் ‘அர்ஜீனியா’ என்றே காணப்படுவதால், இரண்டும் ஒன்றே என்பதை அறிந்திருத்தல் நலம்.

வெங்காயம் அன்று

தமிழ் மக்கள் இதற்கு இட்ட பெயரில் எச்சரிக்கை அடங்கியிருக்கின்றது. பயிர் செய்யும் பொருளைப்போன்ற உருவமும், அதற்கு மாறான குணமுமுடைய காட்டுப் பூண்டுகளை ‘நரி’, ‘பேய்’, ‘காட்டு’ என்ற அடைமொழிகளாற் பிரித்துரைப்பது நாட்டு வழக்கு. பேய்ப்புடல், பேய்ச்சுரை என்பனபோல இதுவும் நரிவெங்காயம் அல்லது காட்டுவெங்காயம் எனப்பட்டது. தற்காலத் தாவர சாஸ்திரமும் இதனை வெங்காயக் குடும்பத்திற் சேர்ப்பதில்லை. தண்ணீர்விட்டான் கிழங்கு அடங்கிய குடும்பத்திற் சேர்க்கின்றது.

உருவத்தைக் கொண்டு மயங்குவோர்க்கு நிச்சயமான அடையாளம் ஒன்றுண்டு. மெய்யான வெங்காயத்தை நறுக்கினால் அதன் காரமான வாடை உடனே வீசும், கண் கரிக்கும். நரிவெங்காயத்தில் அவ்வாடை இல்லை. வழவழப்பான சாறு மட்டும் கசியும். அச்சாற்றில் ஊசிபோன்ற நுண்ணிய சுண்ணாம்பு உப்புப் படிகங்கள் நிறைந்திருப்பதால், பட்ட தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். ஆகையால் வெறுங்கையால் நசுக்கிப் பரீட்சிப்பதும், நாவில் வைத்துப் பார்ப்பதும் கூடா. வாடையில்லாத காட்டுக் கிழங்கு எதுவாயினும் சமையலுக்கு ஆகாது என்று விலக்கிவிடுவதே போதுமானது.

இதன் விஷம் எத்தகையது என்பதைக் குடியானவர்கள் சரிவர அறிந்துகொள்ள வேண்டும். கிழங்கிலுள்ள ‘சில்லாரன்’ முதலிய பொருள்கள் இருதயத்தின்மேல் நேராக வேலை செய்பவை. டிஜிடாலிஸ் என்ற ஐரோப்பிய மூலிகையிலிருந்து எடுக்கப்படும் இருதய மருந்தின் குணத்தை ஒத்தவை. மிகச் சிறிய அளவில் கபத்தை இளக்கும், சிறுநீரைப் பெருக்கும், தளர்ந்த இருதயத்தை ஊக்கும். அளவு சற்று மிஞ்சினால் குமட்டல், வாந்தி, பேதி உண்டாகி, நாடி மெலிந்து ஒழுங்கு தவறி, மரணமும் நேரிடலாம். மருந்தளவுக்கும் விஷ அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. மேலும், ஒரே மேட்டில் எடுத்த இரண்டு கிழங்குகளின் வீரியம்கூட ஒன்றாயிராது. அக்காலத்து வைத்திய நூலோர் எலுமிச்சம்பழ அளவுள்ள இளங்கிழங்கே வீரியமுள்ளது, முதிர்ந்து பெருத்தது வீரியமற்றது என்று எழுதியதும் இவ்வேறுபாட்டைக் கண்டேயாகும். எனவே, ‘முன்னோர் உண்டனர்’ என்ற பேச்சை நம்பி வீட்டிலே இடித்துக் குடிப்பது பெருந்தவறு. இருதய நோய்க்கு டிஜாக்ஸின் மாத்திரை உட்கொண்டு வருவோர்க்கு ஆபத்து இரட்டிப்பாகும். தவறுதலாக எவரேனும் உண்டுவிட்டால், கைமருந்து கொடுத்துக் காலத்தைப் போக்காமல், 108 வண்டியை அழைத்து, எஞ்சிய கிழங்குடன் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கிழங்கைக் கண்ணாற் கண்டால் டாக்டருக்கு வைத்தியம் இன்னதென்று முடிவு செய்வது எளிதாகும்.

ஆடுமாடுகள் இவ்விலையைச் சாதாரணமாக விரும்புவதில்லை. ஆனால் ‘சாதாரணமாக’ என்ற சொல்லை நம்பித் தென்னாப்பிரிக்காவில் மந்தைகளை இழந்தோர் பலர். அங்கே இவ்வினத்தைச் சேர்ந்த ‘ஸ்லாங்காப்’ என்ற பூண்டு, புல் தளிர்ப்பதற்கு முன்னரே தலையெடுக்கின்றது. பசித்த மாடுகளும், வேற்றிடத்திலிருந்து புதிதாக ஓட்டிவரப்பட்ட மாடுகளும் அதைக் கடித்து இறக்கின்றன. நம் கரையிலும் நரிவெங்காய இலை முதல் மழையோடு, புல் நன்றாக எழுமுன்னரே பச்சென்று தோன்றக்கூடியது. கோடை முழுதும் காய்ந்த தீனியில் இருந்த ஆடுகளை அந்த வாரத்தில் மணல்மேட்டின்மேல் ஓட்டாமல், புல் படர்ந்தபின் விடுவது விவேகம்.

எலிக்கு இது விஷம் என்ற பேச்சு பல ஊர்களில் உண்டு. அதில் உண்மை பாதிதான். பல நூற்றாண்டுகளாக எலி விஷமாக வழங்கியது மத்தியதரைக் கடற்கரையின் சிவப்புக் கிழங்கு. அதிலுள்ள ‘சில்லிரோஸைட்’ என்ற பொருளை 1942-ல் ஸ்டோல், ரென்ஸ் என்ற இரு ரஸாயன சாஸ்திரிகள் பிரித்தெடுத்தனர். நாய், பூனை முதலியன அதைத் தின்றால் பெரும்பாலும் வாந்தி எடுத்துப் பிழைக்கும். எலிக்கு வாந்தியெடுக்கும் சக்தியே இல்லாமையால் அது சாகும். அக்குணம் சிவப்புக் கிழங்குக்குரியது. நமது வெள்ளைக் கிழங்கை நம்பிக் களஞ்சியத்தில் வைப்பவர் எலியைக் கொல்வார் என்பது நிச்சயமில்லை. வீட்டுக் குழந்தைக்கு ஆபத்தை வைப்பார் என்பது நிச்சயம்.

கிழங்கு வியாபாரம்

ஐரோப்பியக் கடல் வெங்காயத்துக்குப் பதிலாக இந்தியக் கிழங்கு நெடுங்காலம் மருந்து வியாபாரத்திற் கொள்ளப்பட்டது. இந்தியப் பார்மகோபியாவிலும் இடம்பெற்றது. பூ ஓய்ந்தபின் கிழங்கைத் தோண்டி, மேல்தோலை நீக்கி, துண்டுகளாக அரிந்து உலர்த்துவது முறை. உலர்ந்த துண்டு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துவண்டு கெடும். கடற்கரைக் காற்றிற் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே உலர்த்தியதும் காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்தல் வேண்டும்.

இதில் கவனிக்கத்தக்கது, கிழங்கைத் தோண்டினால் செடியே போய்விடுகின்றது என்பது. இலையையோ காயையோ பறிப்பது வேறு, இது வேறு. அன்றியும், இந்தியாவிலுள்ள நரிவெங்காயங்கள் யாவும் ஒரே தன்மையனவல்ல. அவற்றின் அணுக்களில் 20, 30, 40 என்று குரோமோஸோம்களின் எண்ணிக்கை வேறுபடுகின்றது. 30 உடையவை பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. பக்கக் கிழங்குகளாலேயே பெருகுகின்றன. அத்தகைய கூட்டம் ஒரு மேட்டில் இருந்து, அதை ஒரே பருவத்தில் அடியோடு தோண்டிவிட்டால், காற்று கொண்டுவரும் விதையால் அங்கே மீண்டும் முளைக்குமென்று எதிர்பார்க்க இடமில்லை. செங்காந்தளின் கிழங்கும் விதையும் மருந்துக்காகக் காட்டிலிருந்து எடுக்கப்பட்டு வந்தன. பின்னர் மூலனூர், தாராபுரம் பக்கத்துக் குடியானவர்கள் அதைப் பந்தலிட்டுப் பயிராக்கி, விதை விற்றுப் பணம் கண்டனர். நரிவெங்காயத்துக்கு அவ்விதமான பயிர்முறை நம் நாட்டிற் பரவவில்லை. ஆகவே வெளியே செல்லும் ஒவ்வொரு மூட்டையும் காட்டு நிலத்திலிருந்து குறைந்த மூட்டையே.

மணலின் நிலை

தோண்டுவோரால் வரும் நஷ்டத்தைவிட மணல் போவதால் வரும் நஷ்டம் பெரிது. சவுக்குப் போடுவதற்கு மேட்டைத் தட்டி நிரவுகின்றனர். மரம் வெட்டியபின் வேர்க்கட்டையைத் தோண்டி எடுக்கையில் கிழங்குகள் மேலே புரண்டு வெயிலில் வதங்குகின்றன. மனைகளாகப் பிரித்து விற்கும் நிலங்களில் மேடே மறைந்துவிடுகின்றது. இவையெல்லாம் மேற்கிலிருந்து வருபவை. கிழக்கிலிருந்து கடலும் வருகின்றது. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். வடகிழக்குப் பருவக் காற்றின்போது சிறிது திரும்பும். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலினுள் கற்கரைகள் நீட்டப்பட்டபின், வடக்கே செல்ல வேண்டிய மணல் தெற்கே தடைபட்டுத் தேங்கிற்று. புதுச்சேரி நகரின் கடற்கரை கரைந்தது, கல்லடுக்கிக் காத்தனர். கல்லடுக்கிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக ஊர்கள் கரையை இழந்து வந்துள்ளன. இளமணல் மேடு அரிக்கப்பட்டால், அதன் மறைவில் ஓய்ந்திருந்த பழைய மேட்டை அலை நேராகத் தாக்கும்.

ஒரு காட்டுப் பூண்டுக்காக மணலைக் காப்பதா என்று கேட்போர் தங்கள் கிணற்றை நினைத்துப் பார்ப்பாராக. கடற்கரை ஊர்களில் நல்ல நீர் கிடைப்பது மணல்மேட்டினால். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்புநீர் தள்ளப்பட்டிருக்கும் என்பது கணக்கு. அதுபோலவே, மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். மேட்டை வெட்டி மணலை ஏற்றியவன் விற்றது மணலை மட்டுமன்று. அண்டைத் தோப்புக்காரனுடைய தண்ணீரையும் சேர்த்தே விற்றான். நரிவெங்காயம் நிற்கும் மேடும், நல்ல நீர் ஊறும் மேடும் பெரும்பாலும் ஒன்றேயாயிருக்கும்.

இதிற் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு முக்கியமான வேலை உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு 1991-ல் முதன்முதல் வெளியாகி, 2011-லும் 2019-லும் மாற்றியமைக்கப்பட்டது. பின்னிரண்டு அறிவிப்புகளிலும் மணல்மேடுகள் மிகவும் காக்கத்தக்க முதல் வகுப்பிற் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எனினும் கணக்கில் ‘தரிசு’ என்றோ ‘புறம்போக்கு’ என்றோ எழுதப்பட்ட மேட்டைப் பார்வையிடச் செல்பவர், சாலை வசதியுள்ள உலர்ந்த மாதத்திலேயே செல்கின்றார். அப்பொழுது பூண்டு இலையுதிர்ந்து மணலுக்குள் உறங்குகின்றது. ‘செடி கொடி ஒன்றுமில்லை, வெறும் மணல்’ என்று குறிப்பு எழுதப்பட்டுவிடுகின்றது. எழுதினவர் பொய் எழுதவில்லை. மாதம் தவறிச் சென்றார், அவ்வளவே. ஆகையால் ஒரே மேட்டை இருமுறை பார்ப்பது அவசியம்: சித்திரை வைகாசியிற் பூந்தண்டுக்காக ஒருமுறை, கார்த்திகையில் இலைக்காக ஒருமுறை.

2002-ம் வருஷத்திய உயிரியற் பன்மைச் சட்டப்படி, ஒவ்வொரு உள்ளாட்சி ஸ்தாபனத்திலும் ஒரு மேலாண்மைக் குழு அமைந்து, அவ்வூரின் செடி, பிராணி, மூலிகை அறிவு இவற்றுக்கு ஒரு மக்கள் பதிவேடு வைத்தல் வேண்டும். நரிவெங்காயம் அதில் எழுதத்தக்கது. எழுதுகையில் பெயரை மட்டும் எழுதினாற் பயனில்லை. நில அடையாளம், பார்த்த மாதம், தண்டுகளின் எண்ணிக்கை, காய் பிடித்ததா இல்லையா என்பவற்றையும் குறித்தல் வேண்டும். காய் பிடிக்காத கூட்டமாயின் அதை வெட்டவெளியாக விடாமல் விசேஷமாகக் காக்கவேண்டும் என்பது முன்னர்ச் சொன்னதிலிருந்து விளங்கும். வெளியூர்க் கம்பெனியாள் வியாபாரத்துக்காகக் கிழங்கு வாங்க வந்தால், மாநில உயிரியற் பன்மை வாரியத்துக்கு முன்னறிவிப்புக் கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பதும் சட்டப்படி பொருத்தமானதே.

கோயிற்காடுகள் இவ்விஷயத்தில் சட்டத்துக்கு முந்தியவை. இதே கரையில் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு, கரையோர உலர் பசுமைக் காட்டின் எஞ்சிய துண்டுகளில் ஒன்று. அங்கே மண்வெட்டி இறங்காமல் நின்றதற்குக் காரணம் காவலாளியல்ல, ஊராருடைய அச்சமும் பக்தியும்.

சொந்த நிலத்தை நிரவியே தீரவேண்டிய குடியானவர், அதிலுள்ள நரிவெங்காயத்தை அழிக்காமல் மாற்றி நடலாம். இலை காய்ந்து, பூந்தண்டு இன்னும் எழாத மாசி பங்குனியே அதற்குத் தக்க காலம். கைக்குத் துணி அல்லது உறை சுற்றிக்கொண்டு, கிழங்கைச் சுற்றி அகலமாகத் தோண்டி, அடிவேர்த்தட்டு அறாமல் எடுத்தல் வேண்டும். பக்கக் கிழங்குகளைப் பிரித்துத் தனித்தனியே நடலாம். நிலத்தின் ஓரமாக, வேலிக்கு அருகில், நீர் தேங்காத மணலில், கிழங்கின் கழுத்து தரைமட்டத்தில் இருக்கும்படி வைத்து மணலை அமுக்கிவிட்டாற் போதும். எருவும் பாய்ச்சலும் வேண்டா. கோடையில் நீர் ஊற்றினால் அழுகும். அவ்விடத்துக்குக் கல் ஒன்றை அடையாளமாக நட்டுவைப்பது நல்லது. இல்லையேல் அடுத்த பங்குனியில் அதே இடத்தை வெறும் மணலென்றெண்ணி வேலையாட்கள் கொத்திவிடுவர்.